அழுகைக் கோச்சியை மாங்காவாக வரைந்தபோது சந்தித்தவர்கள்

சித்திரம் பயிலும் மாணவி, தலவாக்கலை:

இந்த இழையில் முன்பு எழுதியவர்கள் தங்கள் முதற் கண்காட்சியையும் சுவரோவியங்களையும் பற்றிச் சொல்லியிருந்தார்கள். நான் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக வரைந்துவரும் மாங்காவை, அதாவது ஜப்பானிய முறைச் சித்திரக்கதையைப் பற்றி, குறிப்பாக அதன் பக்கங்களை அச்சுக்கு முன்பே பார்த்த சிலரைப் பற்றி எழுத விரும்புகிறேன். கதை 1970களில் நடப்பது. இலங்கையின் மலையகத்திலிருந்து தலைமன்னார் கப்பல்துறைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற, எங்கள் பெரியவர்கள் அழுகைக் கோச்சி என்று இன்றும் குறிப்பிடுகின்ற அந்தப் புகையிரதத்தில் அக்காளின் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்படுகிறது. தங்கை இங்கேயே தங்கிவிடுகிறாள். வில்லனும் இல்லை, சண்டையும் இல்லை.

முதலாவது மதிப்பீட்டின்போது எனது விரிவுரையாளர் கேட்டது நியாயமான கேள்வி. "பெரிய கண்ணும் கூரான தாடையுமாக முகங்களை வரைந்து லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மனிதர்களின் கதையை எப்படிச் சொல்லப் போகிறீர்கள்?" என்றார். மாங்கா என்பது முகச்சாயல் அல்ல, நேரத்தைக் கையாளும் ஒரு முறை என்பதே என் பதிலாக இருந்தது. 1947இல் வெளிவந்த மாங்காக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் புத்தகம் சித்திரக் கட்டங்களைத் திரைப்படக் காட்சிபோல நகர்த்திப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தது. பத்து ஆண்டுகள் கழித்து யொஷிஹிரோ தட்சுமி, வளர்ந்தவர்கள் வாசிக்கத்தக்க கனமான சித்திரக்கதைகளுக்குக் கெகிகா என்று தனிப்பெயரே வைத்தார். ஒரு பெண் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஐந்து கட்டங்களை ஒதுக்கலாம், ஒரு பக்கம் முழுவதும் யாரும் பேசாமல் இருக்கலாம் என்ற அந்தச் சுதந்திரம்தான் எனக்குத் தேவைப்பட்டது. கண்களை எங்கள் வீட்டுப் பெண்களின் கண்களின் அளவிலேயே வரைந்தேன். விரிவுரையாளர் முழுமையாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "சரி, செய்து காட்டுங்கள்" என்றார்.

ஜப்பானியர்கள் நேம் என்று சொல்லும் கரட்டு வரைவில், யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார், எதைப் பேசுகிறார் என்பது மட்டும் குச்சி உருவங்களால் குறிக்கப்படும். அந்த வரைவின்போது என்னை அதிகம் அலைக்கழித்தது வரலாற்றை எங்கே வைப்பது என்பதுதான். 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இதை விளக்கப் பெட்டிக்குள் எழுதினால் சமூகக்கல்விப் புத்தகத்தைக் கிழித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு பக்கம் வரைந்தேன்: தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு வாங்கு, அதில் மை டப்பா, படிவத்தில் பெருவிரலை அழுத்தும் ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் வேறொரு படிவத்தைப் பிடித்தபடி நிற்கும் அவருடைய மகன். எண்கள் எல்லாம் சுவரில் ஒட்டிய பழைய பத்திரிகைத் தாளில் இருக்கின்றன, விரும்புபவர்கள் வாசிக்கலாம்.

பேச்சுக் குமிழிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் மாங்கா வரைய நினைக்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக இறங்குவதால் அவர்களுடைய குமிழிகள் ஒடுங்கி உயரமாக இருக்கும். நமது சொற்களோ கிடையாக ஓடுபவை, நீளமானவை. ஒடுங்கிய குமிழிக்குள் ஒரு வினைமுற்றை வைத்தால் அது இரண்டாக முறிந்து, வாசிப்பவர் திக்கித் திக்கிப் போக வேண்டியிருக்கும். நான் குமிழிகளை அகலமாக்கிக் கட்டத்தின் மேல்விளிம்போடு ஒட்டிவிட்டேன். அதற்கேற்பக் கட்டங்களும் அகலமாயின, பக்கத்துக்கு ஐந்து கட்டங்களுக்கு மேல் கொள்ளவில்லை. தோட்டத்துப் பேச்சு இங்கே பெரும் உதவி. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்பதற்கு இடம் கிடைக்காத மூலையில் 'போறாங்க' தாராளமாக உட்கார்ந்துகொள்ளும்.

இனிச் சந்திப்புகளுக்கு வருகிறேன். எனது அம்மாயியின் கூட்டாளி ஒருவர் மேல்லயத்தில் இருக்கிறார். அவருடைய அண்ணன் குடும்பம் அந்தக் கோச்சியில் போனது. பென்சிலில் வரைந்த பக்கங்களை அவருடைய காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) எடுத்துச் சென்றேன். அவர் வாழ்க்கையில் சித்திரக்கதை எதையும் வாசித்தவர் அல்லர். ஒரு பக்கத்தை முழுவதுமாகக் கையில் எடுத்து, கூத்து மேடையைப் பார்ப்பதுபோல மொத்தமாகப் பார்த்தார், பிறகு ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "இங்கன நின்ன புள்ள அடுத்ததுல எங்க போச்சு?" என்று கேட்டார். அடுத்த கட்டத்தில் நான் வரைந்திருந்தது சிறுமியின் கையை மட்டும். அது யன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. அதை விளக்கியதும், "கை மட்டும் போதுமா? சரி, போதும்தான். அன்னைக்கு நான் பாத்ததும் கையத்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அதன் பிறகு அவர் சொன்னது கதையின் நடுப்பகுதியையே மாற்றியது. எனது வரைவில் புகையிரத மேடையில் நின்ற எல்லோரும் தொடக்கத்திலிருந்தே அழுதுகொண்டிருந்தார்கள். "அப்பிடி இல்ல புள்ள. கோச்சி நிக்கிற வரைக்கும் யாரும் அழல. வித்த ஆட்டுக்குப் பாதிக் காசு இன்னும் வரல, அத யாரு வாங்கி அனுப்புறது, கோழிய யாரு பாக்குறது, கூரைத் தகரத்த எடுத்துக்கலாமா, இதத்தான் பேசினோம். பச்சைக் கொடி காட்டினப்பொறகுதான் எல்லாம்" என்றார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்க, அவர் தேநீர் ஊற்றியபடியே, அந்த ஆட்டுக் காசு கடைசிவரை வரவேயில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகிற கடன் அது. வாங்கியவரின் பெயரையும் அவர் மறக்கவில்லை.

ஆகவே அந்தக் காட்சியின் பக்கங்களை இப்போது பேச்சால் நிரப்பியிருக்கிறேன். குமிழிகள் ஒன்றின் மேலொன்று ஏறி முகங்களையே மறைக்கின்றன. எல்லாம் ஆடு, கோழி, தகரம், சீட்டுக் காசு. பிறகு பக்கத்தைத் திருப்பினால் 22ஆம், 23ஆம் பக்கங்கள் சேர்ந்த ஒரே படம், ஒரு சொல்லும் இல்லாமல். இடமிருந்து வலமாக வாசிக்கும் நமது புத்தகத்தில் இரட்டைப் பக்கம் இரட்டை எண்ணில் தொடங்க வேண்டும், நடுவில் ஊசி குத்தும் புத்தகம் என்றால் மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும் என்ற கணக்குகளுக்காகவே முன்னால் இருந்த ஒரு கனவுக் காட்சியை வெட்டினேன். வெட்டியதில் வருத்தம் இல்லை; கனவுக் காட்சிகள் பெரும்பாலும் வரைபவரின் ஆசைக்காகவே வருகின்றன.

இரண்டாவது சந்திப்பு, புகையிரத நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருடன். இஞ்சினை எப்படி வரைவது என்று கேட்கத்தான் போனேன். 1954 முதல் வந்த எம்2 வகை டீசல் இஞ்சின்கள் பலவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்கள் இருந்ததையும், முகப்பு எப்படி நீண்டிருக்கும் என்பதையும் தாளில் வரைந்தே காட்டினார். ஆனால் எனக்குப் பயன்பட்டது அவர் போகிற போக்கில் சொன்ன இன்னொன்று. "மகள், கொடி காட்டினா மட்டும் கோச்சி போகாது. டெப்லட் கைக்கு வரணும்" என்றார். மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு கோச்சிதான் இருக்கலாம் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு வட்டத் தகடு. அதைத் தோற்பையில் இட்டு, பெரிய வளையம் ஒன்றில் மாட்டி, இஞ்சின் சாரதியிடம் கொடுப்பார்கள். அது கைக்கு வராமல் சாரதி வண்டியை எடுக்கக் கூடாது.

ஒரு கதைசொல்லிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஆட்டுக் காசு பேசும் ஒவ்வொரு பக்கத்தின் கீழ்வரிசையிலும் சிறிய கட்டம் ஒன்றை வைத்தேன். முதலில் அறைக்குள் இயந்திரத்திலிருந்து தகடு வெளியே வருகிறது. அடுத்த பக்கத்தில் பையின் வார் பூட்டப்படுகிறது. பிறகு வளையத்தைத் தோளில் மாட்டிய ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையில் நடக்கிறார். பேசுபவர்கள் எவரும் அவரைக் கவனிப்பதில்லை. வாசகர் கவனிப்பார்.

பிள்ளைகளின் வாசிப்பு வேறு விதம். எங்கள் தோட்டப் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவர் சிலரிடம் பிரதிகளைக் கொடுத்தபோது, கைபேசியில் மாங்கா வாசித்துப் பழகிய ஒரு பையன் ஜப்பானிய முறைப்படி வலது மேல்மூலையிலிருந்து தொடங்கி, போன கோச்சி திரும்பி வருவதாகக் கதையை விளங்கிக்கொண்டு, "அக்கா, முடிவு நல்லா இருக்கு, அவங்க திரும்பி வந்துட்டாங்க" என்றான். இதற்காக நான் வாசிப்புத் திசையை மாற்றப் போவதில்லை. முதற்பக்கத்தில் சிறிய அம்புக்குறி ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறேன்.

பென்சில் கோடுகளை மையால் வரையும் வேலை, அதாவது மை ஊற்றும் வேலை, இன்னும் நடக்கிறது. எங்கள் பக்கத்து ஈரத்தில் தாள் நமுத்து, மையில் தோய்த்து வரையும் ஜி பேனாவின் கூர் தாளின் நாரைக் கிளப்பிவிடுகிறது. கோடு மயிர்விட்டுப் பரவுகிறது. மழை நாட்களில் கணினியில் கிரிட்டா மென்பொருளிலும், வெயில் நாட்களில் தாளிலும் வரைகிறேன். மூடுபனிக்கு எந்தச் சாயமும் வேண்டியதில்லை. தேயிலை நிரைகளின் கோடுகளை மேலே போகப்போக விட்டுவிட்டால் வெள்ளைத் தாளே பனியாகிவிடுகிறது. நேரமும் மிச்சம்.

அச்சுக்கடை நடத்துபவர், ஹட்டன்:

மேலே எழுதிய தங்கையின் சோதனைப் பிரதியை எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். அவர் இரவுக் காட்சிக்கு மாங்காக்காரர் வழக்கமாகப் பயன்படுத்தும் 60 வரிப் புள்ளிச் சாயத்தை (அங்குலத்துக்கு 60 வரிசைப் புள்ளிகளால் ஆன சாம்பல் நிழலை) இட்டிருந்தார். நல்ல அச்சகத்தில் அது அழகாக வரும். எங்களைப் போன்றவர்களின் பிரதி இயந்திரத்தில், அதுவும் ஏ4 அளவில் வரைந்ததை ஏ5க்குச் சுருக்கும்போது, புள்ளிகள் நெருங்கிக் கரித்துணியைத் தேய்த்ததுபோல் ஆகிவிடும். சில இடங்களில் கட்டம் கட்டமாக அலையும் தெரியும். வரைபவர்கள் முதலில் படத்தை ஏ5 அளவுக்குச் சுருக்கிவிட்டு, 600 டிபிஐ நுணுக்கத்தில் வைத்து, அதன் பிறகே புள்ளிச் சாயத்தை இட வேண்டும்; வரியையும் 60இலிருந்து 40 அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். கோடும் பத்தில் ஏழாக மெலியும் என்பதை நினைவில் வைத்து, தூரத்து மலைக்குக்கூடச் சற்றுத் தடித்த கோடே போடுங்கள்.

இன்னொன்று. அந்த இரட்டைப் பக்கத்தை மேசையில் பரப்பியிருந்தபோது, பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்க வந்த ஒரு வயதான அம்மா நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலால் ஆட்களை எண்ணி முடித்துவிட்டு, "ஏழு உருப்படி போகுது, பெட்டி ரெண்டுதான் இருக்கு. சட்டி பானையெல்லாம் யாரு தூக்கினது?" என்றார். அவர்கள் வீட்டில் அம்மியைக்கூடச் சாக்கில் கட்டி ஏற்றினார்களாம். இந்தியாவில் மண்டபம் முகாமில் இறங்கியபோது அதைச் சுமந்த சித்தப்பாவைப் பார்த்து எல்லோரும் சிரித்ததாக அங்கிருந்து கடிதம் வந்ததாம். வரைந்தவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், ஆகவே இங்கே எழுதுகிறேன்.

சித்திரம் பயிலும் மாணவி, தலவாக்கலை:

அண்ணன், மிக்க நன்றி. பெட்டிகளைக் குறைத்து வரைந்தது முகங்கள் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் அந்த அம்மா சொன்ன பிறகு படம் எனக்கே காலியாகத் தெரிகிறது. தகரப் பெட்டிகள், சாக்கு மூட்டைகள், சுருட்டிய பாய், கயிறு சுற்றிய அம்மி எல்லாவற்றையும் படத்தின் கீழ்விளிம்பில், வாசகருக்கு மிக அருகில் அடுக்கிவிடப் போகிறேன். ஆட்கள் அதற்குப் பின்னால் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிவார்கள். இதனால் இவ்வளவு பேரின் கால்களை வரையும் வேலையும் எனக்கு இல்லாமல் போகும், கால் வரைவது எனக்கு எப்போதும் பிடிக்காத வேலை என்பதை இங்கே மறைக்கத் தேவையில்லை.

மூட்டைகளை எந்த முடிச்சில் கட்டினார்கள், பெட்டியின் மேல் பெயரையும் இலக்கத்தையும் எதனால் எழுதினார்கள் என்பவை எனக்கு இன்னும் வேண்டும். சுண்ணாம்பா, தாரா, பெயின்ட்டா என்பதைப் பொறுத்து எழுத்தின் விளிம்பு மாறும். வீட்டில் அப்படியான பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் மூடியைப் படமெடுத்து இந்த இழையில் இட்டால், அந்தப் பக்கத்துக்கு மை ஊற்றுவதை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.