கிடேரிக் கன்று தேறுவது ரத்தத்தாலா, வளர்ப்பாலா?

பவானிக்கரை:
பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்குக் கிடேரியாவே பிறக்கணும்னு பாலினம் பிரிச்ச சினை ஊசி போட்டிருக்கார். காளையோட தாய் எத்தனை லிட்டர் கறந்துச்சுன்னு அட்டையைக் காட்டி ஊரெல்லாம் பேச்சு. ஆனா அவர் தொழுவத்துல போன மாசம் விழுந்த கன்னு, தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்தாத்தான் மடியில விடணும்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கயித்துலயே கெடந்துச்சு. சீம்பாலைக் காய்ச்சி நாலு வீட்டுக்குக் கொடுத்தாங்க. பத்தாம் நாள் கழிச்சல். மாட்டுக்கு வயித்துக்குள்ள இருக்கும்போது தாய்கிட்ட இருந்து எதிர்ப்புச் சக்தி கன்னுக்குப் போகாது. சீம்பால்ல மட்டும்தான் போகும். அதையும் குடல் உறிஞ்சறது ஒரு நாளைக்குள்ள நின்னுடும். 25 கிலோ கன்னுக்கு ரெண்டரை லிட்டர், முதல் ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சுடணும். இதைச் செய்யாதவங்களுக்கு எந்தக் காளையும் உதவாது. காளைக்குக் கொட்டற காசைக் கன்னுக்குக் கொட்டுங்க.

சினைஊசி_சேலம்:
அண்ணா, சீம்பால் விஷயத்துல மறுபேச்சே இல்லை. "எந்தக் காளையும் உதவாது"ங்கறதுதான் தப்பு. ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோன்னு 1952-ல பிறந்த ஒரு அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளை. அது வழியா பிளாட்ங்கற மரபுக் குறை பரவுச்சு. 1990-கள் தொடக்கத்துல சோதிச்சுப் பார்த்தப்ப அமெரிக்க ஹோல்ஸ்டீன் பொலிகாளைகள்ல சுமார் 15 சதவீதம் அதைச் சுமந்துச்சு. ரெண்டு பக்கமும் அந்தக் குறை வந்து சேர்ந்த கன்னுக்கு வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியவே வராது. ஈறெல்லாம் புண், நுரையீரல்ல சளி, ஊசி குத்துன இடம்கூட ஆறாது. ஒரு வயசுக்குள்ள போயிடும். நீங்க எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தும் என்ன பண்ண?

பவானிக்கரை:
தம்பி, அது அபூர்வம். நம்ம ஊர்ல சாகற கன்னுகளுக்கு ஈரத்தரையும் பட்டினியும்தான் காரணம். ஆராய்ச்சியைச் சொன்னா நானும் சொல்றேன். கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க 2012-ல போட்டது. பால் மறக்கடிக்கறதுக்கு முன்னால கன்னு தினசரி ஒரு கிலோ கூடுதலா எடை ஏறினா, அவங்க பண்ணையில முதல் ஈத்துல 850 கிலோ பால் கூடுச்சு. நூறு கிராம் கூடினாலே 85 கிலோ. அதுக்குத் தேவை கூடக் கொஞ்சம் பாலும் நல்ல அடர்தீவனமும்தான். கழிச்சல், சளி நோவுக்கெல்லாம் மரபுப் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழேன்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதறாங்க.

வெட்_ஓய்வு:
அந்தப் பத்து சதவீதத்தைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு கன்றின் உடல்நலத்தில் மரபணுவுக்குப் பத்து பங்கு, வளர்ப்புக்குத் தொண்ணூறு பங்கு என்று பிரித்துக் கொடுத்த கணக்கு அல்ல அது. ஒரு கூட்டத்தில் கன்றுக்குக் கன்று தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் வந்தது என்பதுதான் கணக்கு. ஒரு தொழுவத்தில் சீம்பால் கிடைத்து, இன்னொன்றில் கிடைக்காமல் போனால், வளர்ப்பு வித்தியாசம் பெருகி மரபின் பங்கு சின்னதாகத் தெரியும். எல்லாத் தொழுவமும் சீரானால் அதே எண் ஏறும். உடல் எடையில் மரபின் பங்கு இதைவிட நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, ஹோல்ஸ்டீன்களில் கொலஸ்ட்ரால் குறைபாடு என்று 2015-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். மாஃலின் ஸ்டார்ம் என்ற காளையின் வழி வருவது. தாய், தகப்பன் இருவரும் சுமந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு வர வாய்ப்பு. எந்த மருந்துக்கும் நிற்காத கழிச்சல், மெலிவு, சில மாதத்துக்குள் சாவு. தொழுவத்தில் பார்ப்பவருக்கு அது சாதாரணக் கழிச்சல் மாதிரியேதான் இருக்கும். பவானிக்கரை, வளர்ப்புக் குறை என்று நாம் எழுதிவைக்கும் சாவுகளில் இப்படிப்பட்டவையும் கலந்திருக்கலாம்.

செவலைக்காரி:
டாக்டர் ஐயா சொல்றது ஒரே இனத்துக்குள்ள. இனத்துக்கு இனம் பார்த்தா வித்தியாசம் இன்னும் பெருசு. உண்ணியால வர்ற தைலேரியாவை எடுத்துக்குங்க. சாஹிவால்ங்கற நாட்டு இனக் கன்னுக்கும் ஹோல்ஸ்டீன் கன்னுக்கும் ஒரே அளவு கிருமியை ஏத்திப் பார்த்த ஆய்வு 2005-ல வந்துச்சு. சாஹிவால் லேசாக் காய்ஞ்சு தானாத் தேறிடுச்சு, ஹோல்ஸ்டீனுக்கு நோய் முத்திடுச்சு. அந்தக் கன்னுகளை வளர்த்ததுல வித்தியாசம் இல்லையே? நம்ம வெயிலுக்கும் உண்ணிக்கும் அயல் ரத்தத்தை ஏத்திக்கிட்டே போறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

சினைஊசி_சேலம்:
அக்கா, நாட்டு மாட்டையும் ஜெர்சியையும் சேர்த்த முதல் தலைமுறைக் கன்னுகிட்ட ஒரு வீரியம் இருக்கும். அந்தக் கலப்புகளையே தங்களுக்குள்ள சேர்த்தா அடுத்த தலைமுறையில அந்த வீரியம் பாதியாயிடும். அதனாலதான் அடுத்த ஊசி எதுங்கறது முக்கியம். அதைவிட என்னைப் பதற வைக்கறது வேற. தாய்க்குப் போட்ட அதே காளை நம்பரை மகளுக்கும் போட்டுடறோம். தகப்பன்-மகள் சேர்க்கையில உள்இனச்சேர்க்கைக் கெழு, அதாவது ஒரே மரபணு ரெண்டு பக்கமும் வந்து சேர்ற வாய்ப்பு, 25 சதவீதம். ஒளிஞ்சிருக்கற குறையெல்லாம் அங்கதான் வெளிய வரும், கன்னு சவலையா விழும்.

பவானிக்கரை:
இதை ஒத்துக்கறேன். ஆனா முதல்ல எதுன்னு கேட்டா இன்னும் வளர்ப்புதான்பேன். எனக்கு ஒரு கேள்வி. அட்டையில தாய் கறவை இருக்கு, கொழுப்பு இருக்கு. அந்தக் காளைக்குப் பிறந்த கன்னுல எத்தனை ஒரு வயசு தாண்டுச்சுன்னு எங்க இருக்கு?

வெட்_ஓய்வு:
சரியான கேள்வி. அமெரிக்காவில் 2020 டிசம்பரில்தான் கிடேரி பிழைப்புத் திறனைக் காளை மதிப்பீட்டில் சேர்த்தார்கள். பிறந்த இரண்டாம் நாளிலிருந்து 18 மாதம் வரையிலான சாவைக் கணக்கெடுக்கிறார்கள். மரபுப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அப்படியிருந்தும் ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கான மகள்கள் பதிவில் இருப்பதால் காளைக்குக் காளை வித்தியாசம் தெரிகிறது. இங்கே கறவை தொடங்கும் முன் செத்த கன்றை யாரும் பதிவதே இல்லை. காதுத்தோடு போடும் முன்பே புதைத்துவிடுகிறோம். காளையின் பெயரில் அந்தச் சாவு ஏறுவதே கிடையாது.

சினைஊசி_சேலம்:
நான் ஊசி போடற வீடுகள்ல இருந்து ஆரம்பிக்கறேன் ஐயா. குச்சி நம்பர் (சினை ஊசிக் குச்சியில இருக்கற காளை நம்பர்), பிறந்த தேதி, கழிச்சலா சளியா, செத்தா எந்த வாரம். பவானிக்கரை அண்ணா, உங்க பெரிய பசுவுக்குப் போட்ட குச்சி நம்பர் இருக்கா? அதோட கிடேரி இப்ப பருவத்துக்கு வந்திருக்குமே.

பவானிக்கரை:
தொழுவச் சுவத்துல கரியால எழுதி வெச்சிருக்கேன். படம் எடுத்து அனுப்பறேன், அந்த நம்பர் இல்லாத குச்சியாக் கொண்டு வாங்க தம்பி.