ஆர்லாண்டோ எழுந்தானா, எழுந்தாளா?

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் ‘ஆர்லாண்டோ’ நாவலை நான் முழுசாகப் படித்தது தங்கைக்குக் கதை சொல்வதற்காகத்தான். கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தாள். படிக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. மத்தியானம் சாப்பிட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் படிக்கப் படிக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன்.

முதல் இரண்டு நாள் சிக்கல் இல்லை. முதலாம் எலிசபெத் ராணி காலத்துப் பிரபு வீட்டுப் பையன், முந்நூறு வருடத்துக்கு மேல் வாழப்போகிறவன். தேம்ஸ் நதி உறைந்துபோகிறது. ஆப்பிள் விற்கும் கிழவி மடி நிறையப் பழத்தோடு பனிக்கட்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள், யாரோ வாங்க வந்த மாதிரி. “உயிரோடவா?” என்றாள் தங்கை. உதடு மட்டும் லேசாக நீலம் பாரித்திருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். கான்ஸ்டான்டிநோபிளில் தூதராக இருக்கும் ஆர்லாண்டோ ஏழு நாள் விடாமல் தூங்குகிறான். எக்காளம் முழங்க எழுந்து நிற்கும்போது பெண். ஆங்கிலத்தில் ‘அவன்’ என்றே தொடங்கிப் ‘பெண்’ என்று வாக்கியத்தை முடித்துவிடுகிறார் வுல்ஃப். தமிழில் அது முடியாதே. விகுதி காட்டிக்கொடுத்துவிடும். எழுந்தானா, எழுந்தாளா? நான் முழிப்பது தெரிந்து தங்கையே சொன்னாள்: “எழுந்தார்னு சொல்லேன். தூதர்தானே?”

அடுத்த பத்தியைப் பார்த்தால், உடம்பு மாறியதே தவிர ஆள் மாறவில்லை என்று சொல்லும் இடத்தில் வுல்ஃபும் ஒருமையை விட்டுப் பன்மைக்குத்தான் போயிருக்கிறார். வழக்கத்துக்காக இனி ‘அவள்’ என்போம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

உங்களுக்கு ஆர்லாண்டோ எப்படி அறிமுகம்? எழுதுங்கள்.

* * *

அக்கா, எனக்குப் படம்தான் முதலில். சாலி பாட்டர் 1992-ல் எடுத்தது, ஆர்லாண்டோவாக டில்டா ஸ்வின்டன். ஹாஸ்டலில் நண்பனின் லேப்டாப்பில் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று தன் உடம்பைப் பார்க்கிறார். அலறல் இல்லை, அழுகை இல்லை. அப்புறம் நம் பக்கம் திரும்பி, அதே ஆள்தான், பாலினம் மட்டும் வேறு என்கிறார். எலிசபெத் ராணியாக வரும் குவென்டின் கிரிஸ்ப் எண்பது வயது தாண்டிய ஆண் என்பது கடைசியில் பெயர்கள் ஓடும்போதுதான் தெரிந்தது.

ஒரே ஒரு மனக்குறை. படத்தில் ஆர்லாண்டோ வீட்டை இழக்கிறார். நாவலில் வீடு அவரிடமே இருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. இந்த நாவல் யாருக்காக எழுதப்பட்டதோ, அந்த வீட்டா சாக்வில்-வெஸ்ட் கென்ட்டில் உள்ள நோல் மாளிகையில் பிறந்து வளர்ந்தவர். 1928 ஜனவரியில் அப்பா இறந்ததும், பெண் என்பதால் மாளிகை அவருக்கு வராமல் சித்தப்பாவுக்குப் போனது. அதே வருடம் அக்டோபர் 11-ல் நாவல் வெளிவந்தது. சட்டம் பிடுங்கியதை வுல்ஃப் தோழிக்குக் கதையில் திருப்பிக் கொடுத்தார். அதைப் படத்திலும் விட்டுவைத்திருக்கலாம்.

* * *

நான் திருநங்கை. ஏழு நாள் தூங்கி எழுந்தால் போதும் என்ற இடத்தைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யாரிடமும் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டாம். ஆனால் இங்கிலாந்து திரும்பியதும் ஆர்லாண்டோ மேல், பெண் என்பதால் சொத்து வைத்திருக்கக் கூடாது என்பது வரை, வழக்கு காத்திருக்கிறது, அது விக்டோரியா காலம் வரை இழுக்கிறது. அங்கேதான் எனக்கு நெருக்கமானார். பெயர் மாற்றக் காகிதத்தோடு ஒரு அலுவலகத்துக்கு எட்டு முறை நடந்தவள் நான்.

திருநம்பி எழுத்தாளர் பால் பி. ப்ரெசியாதோ இந்த நாவலை வைத்து எடுத்த 2023 ஆவணப்படத்தையும் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது வயதுக்காரர் வரை திருநர்கள் பலர், கழுத்தில் அந்தக் காலத்து வெள்ளை மடிப்புக் காலரோடு, தங்கள் பெயரைச் சொல்லி, இந்தப் படத்தில் ஆர்லாண்டோ நான்தான் என்கிறார்கள். நான் படத்தை நிறுத்திவிட்டு என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா, உங்கள் தங்கை சொன்ன ‘எழுந்தார்’ என்னை என்னவோ செய்துவிட்டது. நான் ஊருக்குப் போனால் அம்மா பக்கத்து வீட்டில் ‘வந்திருக்கான்’ என்றும் சொல்ல மாட்டார், ‘வந்திருக்கா’ என்றும் சொல்ல மாட்டார். “சென்னையிலேருந்து வந்திருக்காங்க” என்பார். மூன்று வருடம் அப்படித்தான். போன பொங்கலுக்கு, வாசலில் கோலப்பொடி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னார்: “என் பொண்ணு வந்திருக்கா.”