‘உபரிக் காற்று’ வேண்டாம், ‘மிகுகாற்று’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> கொதிகலனில் எரிபொருள் முழுதாக எரியத் தேவையான கணக்குக்கு மேல் விடும் காற்றை (excess air) ‘உபரிக் காற்று’ எனலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உபரி என்றால் தேவை தீர்ந்து மிஞ்சியது. நிறுத்தினாலும் குறையில்லை என்றே படிப்பவர் எண்ணுவார். உலைக்கு முன் நிற்பவர் அப்படி எண்ணிவிடக் கூடாது. ஒரு கன மீட்டர் மீத்தேன் எரியக் கணக்குப்படி சுமார் 9.5 கன மீட்டர் காற்று போதும். ஆனால் உலைக்குள் எரிபொருளும் காற்றும் அவ்வளவு சீராகக் கலப்பதில்லை. காற்று எட்டாத இடத்தில் எரிபொருளிலுள்ள கரி (கார்பன்) அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். ஒரு மோல் (12 கிராம்) கரி முழுதாக எரிந்தால் 393 கிலோஜூல் வெப்பம். மோனாக்சைடோடு நின்றால் 110 மட்டுமே. எரிபொருளும் வீண், புகைபோக்கியில் நஞ்சும் மிச்சம். ஆகவே சற்றுக் கூடுதலாகக் காற்று விட்டே ஆக வேண்டும்.

அளவு மீறினாலும் கேடுதான். எரிதலில் பங்கு கொள்ளாத காற்று சூடேறி, அந்த வெப்பத்தோடு வெளியேறும். உலர்ந்த புகைவளியில் (நீராவி நீக்கிய புகையில்) ஆக்சிசன் 3 விழுக்காடு என்றால் கூடுதல் காற்று ஏறத்தாழ 17 விழுக்காடு. 6 என்றால் 40. 10 என்றால் 90ஐத் தாண்டிவிடும்! (ஆக்சிசன் அளவை, காற்றிலுள்ள ஆக்சிசன் விழுக்காடான 21இலிருந்து அதைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்கிப் பாருங்கள்.) விறகுக் கொதிகலனில் உலைக்கதவைத் திறந்துவைத்தாலே இந்த எண் ஏறும்.

எனவே ‘மிகுகாற்று’ என்பதை முன்மொழிகிறேன். தேவையா, வீணா என்று தீர்ப்புச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்லும் வினைத்தொகை. ‘மிகைக்காற்று’ அருகில் வருகிறது. ஆனால் மிகை என்றதும் குற்றச் சாயல் ஒட்டிக்கொள்கிறது. திருச்சியில் கொதிகலன் செய்யும் பாரத மிகுமின் நிறுவனத்தின் (BHEL) பெயரில் ‘மிகு’ ‘கனரக’ (heavy) என்ற வேறு பொருளில் வருகிறதே என்று கேட்கலாம். காற்றோடு சேரும்போது அந்தக் குழப்பம் வராது.

இதற்கு இணையாகக் ‘குறைகாற்று’ம் கிடைக்கிறது. காற்றை மாசாக்கும் நைட்ரசன் ஆக்சைடுகளைத் தணிக்க, தழலின் முதற்கட்டத்தை வேண்டுமென்றே குறைகாற்றில் எரித்து, மீதிக் காற்றைப் பிறகு விட்டு முடிக்கும் முறையை விளக்க அது உதவும்.

கணக்களவுக் காற்றுக்கு ‘ஈடுகாற்று’ என்று எண்ணினேன். ஈடு என்றால் அடமானமும் நினைவுக்கு வருவதால் நிறைவில்லை. மேலான சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்