மறு: மூன்றாவது குமிழுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆடி நெருங்குகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டால் சேலத்தில் மைக் செட்காரர் ஒருவரையும் வகுப்புக்குப் பிடிக்க முடியாது. அவர்களுக்கான பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒலியில் வேண்டிய அதிர்வெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசர் பக்கம்தான் இன்னும் முடியவில்லை. அதன் தலைப்புக்கும் மூன்றாவது குமிழுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

கிராஃபிக் ஈக்வலைசரில் 31 பட்டை (அதிர்வெண் பிரிவு) என்றால் 31 இடமும் நிலையானவை. ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். பாராமெட்ரிக்கில் ஒவ்வொரு வடிப்பானுக்கும் மூன்று குமிழ்: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபெல், எவ்வளவு அகலம். ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் 1972இல் எழுதிய கட்டுரையோடு ‘பாராமெட்ரிக்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தலைப்புக்கு அளவுருச் சமனி, துணையலகுச் சமனி, இலங்கை அன்பர் தந்த பரமானச் சமனி என மூன்று வந்தன. ‘சமன்’ வடசொல், ‘நிகரி’ என்க என்றார் ஏற்காட்டு ஐயா. “சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்” என்று வள்ளுவரே எழுதியிருக்க, எனக்கு அதில் தயக்கமில்லை. ஐயா பிறகு சிலப்பதிகாரத்தின் கானல்வரிக்குப் போய், யாழின் எட்டுக் கலைத்தொழில்களில் ஒன்றான ‘தைவரல்’ கொண்டு ‘தைவரி’ என்றார். சொல் இனிக்கிறது. ஆனால் தைவரல் நரம்பை வருடுவது; இங்கே நரம்பை விட்டு வந்துவிட்ட ஒலியைத் திருத்துகிறோம்.

என் கவலை மூன்றாவது குமிழ். அதில் ‘க்யூ’ என்றிருக்கும். பள்ளி இயற்பியலில் ‘தரக்காரணி’. போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் கூவியது. க்யூவை 8இல் வைத்து, 6 டெசிபெல் இறக்கி, அதிர்வெண் குமிழை மெல்ல நகர்த்தினேன். 2500 ஹெர்ட்ஸில் கூவல் அடங்கியது. 2500ஐ 8ஆல் வகுத்தால் வெட்டின் அகலம் சுமார் 312 ஹெர்ட்ஸ். அந்த ஒல்லியான இடத்தில் மட்டும் வெட்டு விழுந்ததால் பேசுபவர் குரல் மாறவில்லை. அடுத்து மண்டபத்தின் கீழ்ஸ்தாயி இரைச்சலைக் குறைக்கச் சொன்னால், மாணவர் அங்கேயும் க்யூவை 10க்குத் திருகினார். அகலமாக, 1ஐ ஒட்டி வெட்ட வேண்டிய இடம். “தரம் கூடினா நல்லதுதானே சார்?” என்றார். தப்பு அவருடையதல்ல, சொல்லுடையது. மூலத்திலும் அந்த எழுத்து தரத்தைக் குறிக்கப் பிறந்ததில்லை. மற்ற எழுத்துகள் வேறு அளவுகளுக்குப் போய்விட்டதால் பொறியாளர் கே. எஸ். ஜான்சன் மிச்சமிருந்த க்யூவை எடுத்துக்கொண்டார்.

ஆகவே ‘கூர்மை’ என்கிறேன். கூர்மை 1.4 என்றால் ஏறக்குறைய ஓர் ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பாகும் தூரம்) அகலம். எண் ஏற ஏற முனை ஒல்லியாகும்.

---

ஏற்காட்டிலிருந்து:

தம்பி, ‘கூர்மையான குரல்’ என்றால் கீச்சுக் குரல் என்றல்லவா காதில் விழும்? உம் மாணவர் நாளை ட்ரெபிள் ஏற்ற அதைத் திருகுவார். ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று இலக்கணம் தந்த ‘குறுக்கம்’ இருக்க, ஏன் புதிது?

---

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

ஐயா, அந்தக் குறுக்கம் மாத்திரையில், அதாவது நேரத்தில் குறைவது. இது அகலம். முப்பது வருஷமா செட் போடுறேன், நாங்க “ஒல்லியா வெட்டு, அகலமா தூக்கு”ன்னுதான் சொல்வோம். ‘ஒல்லி’ன்னே போடுங்களேன்.

---

மறுபடி நான்:

ஐயாவின் கீச்சுக் குரல் தடை நியாயமானது. அதற்கு என்னிடம் பதிலில்லை. ‘ஒல்லி’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் “ஒல்லி 8” என்று அட்டவணையில் எழுதக் கை வரவில்லை. நால்வர் கூர்மைக்குச் சரி என்றிருக்கிறார்கள், அதுவும் “போடுங்க, நேரமாச்சு” என்ற குரலில். தலைப்பை பாராமெட்ரிக் ஈக்வலைசர் என்றே விடுகிறேன். குமிழுக்குக் கூர்மை, பக்கத்தில் ஒல்லி, அகலம் இரண்டுக்கும் கைப்பட வரைந்த இரண்டு மேடுகள். ‘குறுக்கம்’ ஐயாவின் மாற்றுக் கருத்தாக அடியில் அச்சாகும்.