சம்பளம் கூட்டாமல் ஊழியரைத் தக்கவைக்கும் மந்திரம்

பட்டறைவாசி: நேற்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: ஊழியர் தம் வாழ்க்கை நோக்கத்தை வேலையில் கண்டுகொண்டால், சம்பளம் கூட்டாமலேயே நிலைத்திருப்பாராம். சான்று? 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி நாசாவுக்குப் போனபோது, துடைப்பத்தோடு நின்ற துப்புரவாளர் “மனிதனை நிலவுக்கு அனுப்ப உதவுகிறேன்” என்றாராம். அவர் பெயர் என்ன? எந்தக் கட்டடம்? பக்கத்தில் நின்று கேட்டவர் யார்? பயிற்சி வகுப்புக்கு வகுப்பு இதே துடைப்பத்தைத்தான் காட்டுகிறார்கள். ஊதிய உயர்வுக் கடிதத்தைக் காட்டக் காணோம்.

மனிதவளம்77: அந்த “ஒருவர்” நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கென்னடி அந்த ஆண்டு செப்டம்பரில் நாசா இயங்கிய கேப் கனாவரலுக்கும் ஹூஸ்டனுக்கும் போனது வரலாறு. அங்கெல்லாம் துப்புரவாளரே இல்லையா?

பட்டறைவாசி: துப்புரவாளர் இருந்தாரா என்றா கேட்டேன்? அதைச் சொன்னாரா என்று கேட்டேன். எங்கள் தெருவில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதற்காகப் பிள்ளையார் என்னோடு பேசினார் என்று ஆகிவிடுமா?

சீர்தூக்கி: நோக்கம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? நிறுவனத்தின் குறிக்கோளையா, ஊழியரின் சொந்த விருப்பத்தையா?

பட்டறைவாசி: அது கிடக்கட்டும் ஐயா. முதலில் துப்புரவாளரின் பெயர் வரட்டும்.

மனிதவளம்77: பெயர், பெயர், பெயர்! சரி, ஆய்வு தருகிறேன். ரெஸ்னியெவ்ஸ்கி, டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் மருத்துவமனைத் துப்புரவாளர்களைப் பற்றி எழுதினார்கள். நோயாளி குணமாவதில் தமக்கும் பங்குண்டு என்று நினைத்தவர்கள் வேலையையே வேறு விதமாகப் பார்த்தார்கள். 2007இல் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர், மாணவர் உதவித்தொகைக்கு நன்கொடை திரட்டும் தொலைபேசி ஊழியர்களை, அந்த உதவித்தொகையில் படித்த மாணவரோடு சில நிமிடம் பேச வைத்தார். ஒரு மாதம் கழித்து அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரு மடங்கைத் தாண்டியது.

பட்டறைவாசி: படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா? முதல் ஆய்வில் துப்புரவாளர்கள் தாங்களாகவே வேலையை வளைத்துக்கொண்டார்கள். நிர்வாகம் வகுப்பெடுத்து ஊட்டவில்லை. இரண்டாவதில் அளந்தது பேசிய நேரத்தையும் வசூலையும். எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதை அல்ல. நாம் பேசுவது அதைத்தானே? ஆளைப் போகாமல் நிறுத்தியது எது என்று கார் முதலாளி ஹென்றி ஃபோர்டைக் கேளுங்கள். 1913இல் அவருடைய தொழிற்சாலையில் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம்; அதாவது 100 இடத்துக்கு ஆண்டில் 370 ஆள் மாறினார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். விகிதம் மளமளவென்று சரிந்தது. துடைப்பக் கதை எதுவும் தேவைப்படவில்லை.

இரவுப்பணி: அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி இலாபப் பங்கு. குடிக்கிறாயா, சேமிக்கிறாயா என்று வீடு தேடி வந்து பார்த்த பிறகே கிடைக்கும். அதற்கென்றே ஒரு துறை வைத்திருந்தார்.

பட்டறைவாசி: வந்து பார்த்தாலும் பணம் கொடுத்தார் அல்லவா?

இரவுப்பணி: எங்கள் அலுவலகத்தில் “நோக்க வாரம்” நடந்தது. நான் ஏன் இங்கே வேலை செய்கிறேன் என்று மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிக் கண்ணாடிச் சுவரில் ஒட்ட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் “வீட்டுக் கடன்” என்று எழுதினார். மறுநாள் அந்த ஒரு தாளை மட்டும் காணவில்லை.

மனிதவளம்77: இப்படிப்பட்டவர்கள்தான் ஐந்து ஆண்டு முடிந்ததும் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள்.

பட்டறைவாசி: ஐந்து ஆண்டா? நான்கு ஆண்டும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது தெரியாதா? பெயரில் மட்டும் மனிதவளம்!

மனிதவளம்77: 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் ஐந்து ஆண்டு என்றுதான் இருந்தது.

இரவுப்பணி: வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடத்தில் 240 கூட வேண்டாம், 190 நாள் போதும்.

பட்டறைவாசி: நான் ஆறு நாள் கணக்கைச் சொன்னேன். குறுக்கே விழாதீர்கள்.

சீர்தூக்கி: என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

மனிதவளம்77: போன ஆண்டு பஞ்சப்படி பற்றிய விவாத இழையிலும் இவர் இப்படித்தான் கடைசிச் சொல் தம்முடையதாக இருக்கும்வரை விடவில்லை.

பட்டறைவாசி: அந்த இழையில் நிர்வாகி யாருடைய பதிவை நீக்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன்.