எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு பழைய மாத்திரைச் சீட்டு: டெல்டாவில் பார்த்தவர்கள் சொல்வது

மன்னார்குடி மருந்தாளுநர்:
ஆபரேஷன் திருச்சியிலோ சென்னையிலோ முடிந்துவிடுகிறது. மாத்திரை வாங்குவது மட்டும் நம்ம கடைத்தெருவில், பழைய அட்டையை நீட்டி "இதே குடுங்க" என்று. வம்பு அங்கேதான் ஆரம்பம். அட்டையைத் திருப்பி, மருந்துப் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், சிஆர், ரிடார்ட் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பல மணி நேரம் மெதுவாக மருந்தை விடுகிற மாத்திரை. பைபாஸ் என்ற எடைக்குறைப்பு ஆபரேஷனில் (இதய பைபாஸ் அல்ல) இரைப்பை சுமார் 30 மில்லி பிடிக்கிற பையாகிறது. சிறுகுடலின் முதல் பகுதியும் உணவுப் பாதையிலிருந்து விலகிவிடுகிறது. மருந்து முழுதாக வெளிவருவதற்குள் மாத்திரை தாண்டிப் போய்விடலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எஸ்ஆர், பிரஷருக்கான மெட்டோப்ரோலால் எக்ஸ்எல், நிஃபெடிபைன் ரிடார்ட் மூன்றும் இந்த ரகம். சாதாரண வகைக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வேளை மாத்திரை இரண்டு, மூன்று வேளையாகும், அவ்வளவுதான். நீங்களாக நிறுத்துவது வேண்டாம்.

கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த இரண்டடுக்கு சர்க்கரை மாத்திரைதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் அதில் மெட்ஃபார்மின் பக்கம் எஸ்ஆர். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் பெரிய மாத்திரை இறங்காது என்று கரண்டியால் நசுக்கித் தருகிறார்கள்; எட்டு, பத்து மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையையும் நசுக்கக்கூடாது, மேல்பூச்சு போனால் அமிலத்தில் வீணாகிவிடும். அதே ரகமான ஒமெப்ரசோல் கேப்ஸ்யூலை மட்டும் திறந்து, உள்ளே இருக்கும் குருணையை மெல்லாமல் விழுங்கலாம். சிரப் கேட்டால் சர்க்கரை சேர்க்காததாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று தனியாக ஒரு அவஸ்தை.

மயிலாடுதுறை வாசகர்:
ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இதெல்லாம் உண்டா அண்ணே?

மன்னார்குடி மருந்தாளுநர்:
ஸ்லீவில் இரைப்பையை மட்டும் வெட்டிச் சிறிதாக்குகிறார்கள், குடல் அப்படியே இருக்கிறது தம்பி, அதனால் உறிஞ்சுவதில் பைபாஸ் அளவுக்கு மாற்றம் இல்லை. நசுக்குவது, சர்க்கரை மருந்து, பிரஷர் மருந்து பற்றிய எச்சரிக்கை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். மலத்தில் மாத்திரை ஓடு முழுசாக வருவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆபரேஷன் ஆகாதவர்களுக்கும் சில எஸ்ஆர் மாத்திரைகளின் வெற்றுக் கூடு அப்படி வரும். அதை மட்டும் வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட முடியாது; சர்க்கரை அளவைப் பாருங்கள்.

திருவாரூர் செவிலியர்:
சர்க்கரை இறங்குவது எடை குறையும் வரை காத்திருப்பதில்லை, முதல் சில நாளிலேயே தொடங்கிவிடும். பழைய அளவில் இன்சுலினும் கிளிமிபிரைடும் தொடர்ந்தால் விடியற்காலையில் 70க்குக் கீழே போய் நிற்கும். அப்போது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்லிஃப்ளோசின் ரக மாத்திரையை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பிறகும் டாக்டர் சொல்லாமல் எடுக்காதீர்கள். சாப்பாடு குறைவாக இருக்கும்போது இது கீட்டோன் விஷத்தன்மையை (ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்வது) கொண்டுவரும். மீட்டரில் சர்க்கரை ரொம்ப ஏறாமலேயே வாந்தியும் மேல்மூச்சும் வரும், அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பிரஷருக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கத்திரி வெயிலில் கவனம். வாய்க்குள் போகும் தண்ணீரே குறைவு. படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷரை அளந்து பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று அன்றைக்கே கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை அந்தத் தன்னார்வலர் அக்காவிடம் கொடுங்கள். அவர்கள் பதிவு அட்டையில் பழைய அளவு இருக்கும் வரை பழைய மாத்திரைதான் வரும்.

இன்னொன்று. விடாமல் வாந்தி என்று வந்தால் நம்ம ஊர் பழக்கம் "ஒரு பாட்டில் ஏத்திடுங்க". ஆபரேஷன் ஆனவர் என்று முதலிலேயே சொல்லி, குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி கேளுங்கள். பல நாள் வாந்தியில் உடம்பிலுள்ள தயமின் கரைந்திருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். கண் தானாக ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் இதன் அறிகுறிகள்.

கும்பகோணம் உணவியலாளர்:
எங்கள் ஊர்ப் பிரச்சினை டிகிரி காபி. தைராய்டு மாத்திரையையும் காபியையும் ஒரே மடக்கில் முடிக்கிறார்கள். ஐந்தரைக்கு மாத்திரை வெறும் தண்ணீரில், காபி ஆறரைக்கு. கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமின் எதுவானாலும் தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. பத்து மணிக்குக் கால்சியம், இரண்டு மணிக்கு இரும்பு, ஆறுக்கும் ஒன்பதரைக்கும் மறுபடி கால்சியம் என்று வைத்தால் ஒன்றோடொன்று மோதாது. இரும்புக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ கிடையாது. எடை குறையக் குறைய தைராய்டு அளவும் மாறலாம், டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே வாருங்கள்.

கால்சியம் சிட்ரேட்டாக வாங்குங்கள், கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், சிறிதான இரைப்பையில் அது குறைவு. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 500, 600க்கு மேல் வேண்டாம். லேபிளில் 'கால்சியம் சிட்ரேட் 1000 மில்லிகிராம்' என்று பெரிதாக இருக்கும். அதில் கால்சியம் ஏறக்குறைய 210தான். கீழே பொடி எழுத்தில் 'எலிமென்டல்' (உண்மையான கால்சியம் அளவு) என்று போட்டிருப்பதே கணக்கு.

மன்னார்குடி மருந்தாளுநர்:
நடவு, அறுப்பு சமயத்தில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" கேட்பது சகஜம். அந்த செட்டில் அநேகமாக டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ என்ற வலி மருந்து இருக்கும். பைபாஸ் ஆனவருக்கு இரைப்பைப் பையும் குடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் வரவைப்பதில் இவை முன்னணி. ஊசியாகப் போட்டால் தப்பிக்கலாம் என்பது பொய், மருந்து ரத்தம் வழியாகவும் அதே வேலையைச் செய்யும். தனிப் பாராசிட்டமால் என்று கேட்டு வாங்குங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 எடுப்பவர் அதை இதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதைத் தொடர்வதா, கூட அமிலம் குறைக்கும் மாத்திரை எவ்வளவு காலம் என்பதை இதய டாக்டரும் ஆபரேஷன் செய்தவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.