மாடியில் சோலார் போட்டால் யாருக்கு பில் குறைகிறது?

ஆனையூர்க்காரன் | ஜூன் 14, 2025, காலை 7:40

போன வருடம் ஏப்ரலில் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். இரண்டு கோடை, ஒரு ஐப்பசி அடைமழை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

மொத்தச் செலவு 1,95,000. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. கையை விட்டுப் போனது 1,17,000. முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும், பில் ஐயாயிரத்து ஐந்நூறைத் தொடும். இப்போது முந்நூறைத் தாண்டுவதில்லை. நாலு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும், பேனலுக்கு 25 வருட வாரண்டி. மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்? வசதி இருந்தும் போடாமல் பில்லைத் திட்டிக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

வில்லாபுரம் வாடகை | காலை 8:15

வசதி என்றால் பணம் மட்டும் இல்லை அண்ணே, மாடியும் வேண்டும். எனக்கு மாடிச் சாவியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மட்டும் வீட்டுக்கார அம்மா திறந்துவிடுவார்.

ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் இந்தத் திட்டம். நான் வாங்குகிற தீப்பெட்டி வரியும் அதில் இருக்கிறது. அந்தக் காசு யாருக்குப் போகிறது? சொந்த வீடு, சொந்த மாடி, அதோடு ஏசி ஓட்டுகிறவருக்கு. ஃபேனும் ஒரு டியூப்லைட்டும் வைத்திருக்கிறவன் கைதட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆனையூர்க்காரன் | காலை 8:32

தம்பி, மானியம் எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. 2016-லிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுவும் வரிப்பணம்தான். உங்களுக்கும் வருகிறதே?

வில்லாபுரம் வாடகை | காலை 8:41

வரவில்லை. நான் குடியிருக்கிற வீட்டில் மூன்று குடித்தனம், ஒரே இணைப்பு. எனக்கு வீட்டுக்கார அம்மா வைத்த சப்மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய், முதல் யூனிட்டிலிருந்தே. அந்த 100 யூனிட் இலவசத்தை நான் பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | காலை 9:50

யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற ஸ்லாபை இரண்டு பேருமே மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 2022 செப்டம்பரில் போட்ட கட்டணத்தில் சொல்கிறேன். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏற்றினார்கள் என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த நூறு 2.25, அப்புறம் 400 வரை 4.50, கடைசி நூறு 6 ரூபாய். மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த 2.25 சலுகை பறிபோகும், பில் 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! சித்திரை மாதத்தில் ஊர் முழுக்க மீட்டரை எட்டி எட்டிப் பார்ப்பது இதனால்தான். அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, ஆயிரம் வரை 10, ஆயிரத்தைத் தாண்டினால் 11.

ஆகவே 900 யூனிட்காரருக்கு சோலார் வெட்டுவது எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் யூனிட்டை. 300 யூனிட்காரர் போட்டால் அவர் மிச்சம் பிடிப்பது 2.25, 4.50 யூனிட்டைத்தான். அவருடைய முழு பில்லே 675 ரூபாய். அவருக்கு நாலு வருடம் இல்லை, அதைவிட வெகுகாலம் ஆகும். "எல்லோரும் போடுங்கள்" என்பது 900 யூனிட்காரர் சொல்கிற பேச்சு.

அழகர்கோவில் ரோடு அக்கா | காலை 10:20

எங்கள் மாடியில் குரங்கு வரும். வத்தலையே விட்டுவைக்காது, பேனலை விடுமா? அது போக, இவ்வளவு பேனலைப் பரப்பிவிட்டால் வத்தல், வடகம், மிளகாய் எல்லாம் எங்கே காயும்? யாராவது சொல்லுங்களேன்.

ஆனையூர்க்காரன் | காலை 10:34

அக்கா, கீழே ஆள் நடக்கிற உயரத்துக்கு ஜிஐ பைப்பில் ஸ்டாண்ட் அடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் கூடச் செலவாகும். பேனலுக்கு அடியில் நிழல், துணி காயும். வத்தலுக்கு ஒரு ஓரம் விட்டுவையுங்கள். குரங்குக்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய லைன்மேன் | காலை 11:05

முப்பது வருடம் கம்பம் ஏறினவன். சோலாருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுகிற சில விஷயங்கள் உண்டு.

தெருவில் கரண்ட் போனால் உங்கள் மாடி சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்துப் போடுகிற சோலார் அப்படித்தான், இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளும். குறையென்று நினைக்காதீர்கள், எங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது. லைனை ஆஃப் செய்துவிட்டு ஒருவன் கம்பத்தில் இருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் திரும்பி வந்தால் அவன் கதை முடிந்தது. ஜெனரேட்டரைச் சரியாக இணைக்காத வீடுகளால் அந்த ஆபத்து என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

அப்புறம், சித்திரை வெயிலில் கரண்ட் கொட்டும் என்ற நினைப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகிற ஒவ்வொரு டிகிரிக்கும் மூன்றில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறையும். நம் ஊர் மாடியில் பேனல் 65 டிகிரி தொடுவது சாதாரணம். பதினாலு சதவீதம் போயே போச்சு.

தண்ணீர் டேங்க் நிழல் ஒரு பேனல் மூலையில் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துபோகும். போர் தண்ணீரில் கழுவாதீர்கள், உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். குழாய்த் தண்ணீரில், விடியற்காலையில், பேனல் ஆறியிருக்கும்போது துடையுங்கள்.

ஆனையூர்க்காரன் | காலை 11:20

கரண்ட் கட் விஷயத்தில் நானும் ஏமாந்தேன் ஐயா. போட்டுக்கொடுத்த கம்பெனிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்ட மூன்றாவது வாரம் பகல் ஒரு மணிக்குக் கரண்ட் போனது, நான் பெருமையாகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றவில்லை. 2012-இல் நாள் பாதி கரண்ட் இல்லாமல் மாடியில் பாய் விரித்துப் படுத்த ஊர் இது. அந்த பயத்தில்தான் பாதிப் பேர் சோலார் வாங்குகிறார்கள்.

வில்லாபுரம் வாடகை | மதியம் 12:10

அப்படியானால் ராத்திரிக்கு நீங்களும் அரசாங்கக் கம்பியைத்தான் நம்பியிருக்கிறீர்கள். பகலில் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு ராத்திரி ஏசிக்கு அதே அளவு திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள், நெட் மீட்டர் இரண்டையும் கழித்துவிடுகிறது. பகல் கரண்டும் ராத்திரிக் கரண்டும் ஒரே விலையா? கல்யாணத்துக்கு மறுநாள் மல்லிகைப்பூவைக் கொடுத்துவிட்டு முகூர்த்தத்தன்று அதே எடை பூ கேட்கிற மாதிரி இருக்கிறது.

பழைய லைன்மேன் | மதியம் 12:45

இந்தக் கேள்வி நியாயமானது. பூ உதாரணம் எனக்குப் பிடித்தது.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரிக் கோடைப் பகலுக்கு மாடி சோலார் நல்ல துணை. ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு சோலார் மொத்தமாகப் படுத்துவிடும், வீடுகளில் விளக்கும் ஏசியும் அப்போதுதான் ஏறும். அந்த நேரத்துக்கு நிலக்கரி, நீர், கூடங்குளம் எல்லாம் நிற்க வேண்டும். காற்றாலை வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கைகொடுக்கும், மற்ற மாதங்களில் நம்ப முடியாது. நம் வைகைக்கு வருகிற பெரியாற்றுத் தண்ணீரே லோயர் கேம்பில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் இறங்குகிறது. அங்கே தண்ணீர் திறந்தால்தான் கரண்ட்.

காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. கரண்ட் மிஞ்சுகிற நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். அப்படி இன்னும் பல இருந்தால் உங்கள் மாடியின் பகல் வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்கலாம். அதுவரை ராத்திரிச் செலவை மாடி இல்லாதவரும் சேர்ந்துதான் சுமக்கிறார்.

உசிலம்பட்டிக் கரிசல் | மதியம் 2:30

டவுன்காரர்கள் மாடியோடு நிற்கிறீர்கள், நான் நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். கமுதியில் 2016-இல் திறந்த சோலார் நிலையம் 648 மெகாவாட். ஏறத்தாழ 2,500 ஏக்கர். தரிசு, கருவேலங்காடு என்பார்கள், ஆடு மேய்த்தவனைக் கேட்டால் வேறு சொல்வான். அதே 648 மெகாவாட்டை மாடிகளில் போட்டால் 3 கிலோவாட் வீதம் 2,16,000 வீடு. ஒரு சென்ட் நிலம் வேண்டாம். மாடிக்கு மானியம் கொடுப்பது எனக்கு உறுத்தவில்லை. என் கிணற்று மோட்டாருக்கு இலவசக் கரண்ட் வருகிறது, அதற்கே டீக்கடையில் எத்தனை பேச்சு வாங்குகிறோம் தெரியுமா? இன்னொருத்தன் மானியத்தை எண்ணிப் பார்க்க எனக்கு வாய் வராது.

ஒன்று மட்டும். மும்முனை கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வந்தபோது டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் பாம்பைத் தாண்டிப் போய் மோட்டார் போட்டவன் நான். பகல் சோலார் மிஞ்சுகிறது என்றால் எங்களுக்குப் பகலில் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை | மாலை 4:05

ஆனையூர் அண்ணே, ஒரு சந்தேகம். வேறொரு இழையில் உங்கள் வீட்டில் மூன்று பேர், ஏசி ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு 900 யூனிட் ஓடாதே. கீழ்வீடு வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா?

ஆனையூர்க்காரன் | மாலை 5:50

ஆமாம். ஒரே இணைப்பு, கீழ்வீட்டுக்கு சப்மீட்டர்.

வில்லாபுரம் வாடகை | மாலை 5:53

யூனிட் எவ்வளவு அண்ணே?

ஆனையூர்க்காரன் | இரவு 8:15

எட்டு. ஊரில் எல்லோரும் வாங்குவதுதான். அவர்கள் 250 யூனிட் போல ஓட்டுவார்கள். மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் என் தலையில்தான். சோலாருக்கு 1,17,000 போட்டதும் நான்தான், கீழ்வீட்டுக்காரர் இல்லை.

வில்லாபுரம் வாடகை | இரவு 8:22

சோலார் வந்த பிறகு குறைத்தீர்களா?

கணக்குப்பிள்ளை | இரவு 9:10

அவர் பதில் எழுதுவதற்குள் நான் கணக்கை எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சோலாருக்கு முன்: பில் 5,550, கீழ்வீட்டு வசூல் 2,000. உங்கள் கைச்செலவு 3,550. இப்போது: மாடியில் நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. மிச்சம் 180 யூனிட், பில் 180 ரூபாய். வசூல் அதே 2,000. அதாவது கரண்ட் கட்டிய பிறகு 1,820 ரூபாய் உங்கள் பையில். சில்லறைக் கட்டணங்களை விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் அவர் 250 யூனிட்டுக்குக் கட்ட வேண்டியது 450 ரூபாய். உங்களிடம் கட்டுவது 2,000. உங்கள் பங்கு 650 யூனிட்டை மாடியே பார்த்துக்கொள்ளும். அப்போதும் உங்களுக்கு வருடம் 21,300 மிச்சம். நாலு வருடத்துக்குப் பதில் ஐந்தரை வருடம் ஆகும், அவ்வளவுதான்.

அழகர்கோவில் ரோடு அக்கா | இரவு 9:25

அடேயப்பா.

உசிலம்பட்டிக் கரிசல் | இரவு 9:40

மானியத்தை எண்ண மாட்டேன் என்றேன். இது மானியம் இல்லை, இதை எண்ணலாம்.

ஆனையூர்க்காரன் | ஜூன் 15, காலை 6:30

ராத்திரி கோபத்தில் ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். "கீழ்வீட்டுப் பிள்ளை பரீட்சைக்கு ஃபேன் இல்லாமல் படித்தது உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டாள். தெரியாது.

லைன்மேன் ஐயா, கீழ்வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க முடியுமா?

பழைய லைன்மேன் | காலை 7:10

தனி வாசல், தனிச் சமையலறை இருந்தால் கேட்கலாம். சொத்து வரி ரசீதோடு விண்ணப்பம் போடுங்கள். போவதற்கு முன் கீழ்வீட்டு வயரிங் மேல்வீட்டோடு எங்கேயாவது கலந்திருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் நியூட்ரல் கலந்துதான் இருக்கும். எர்த் தனியாகப் போடுங்கள்.

வில்லாபுரம் வாடகை | காலை 7:32

அண்ணே, மீட்டர் சுவரில் ஏறும் வரை கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள். எனக்கு மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.